பட்டாணியும் ஜிப்ஸியும்

எதிர்வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது, அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு வால்வு ரேடியோவும், ஒரு கட்டு இசைத்தட்டும், இரண்டு கிழட்டு நாய்களும் வந்து சேர்ந்தன. ரேடியோவுக்கும் தட்டுகளுக்கும் அப்பா காசு கொடுத்தார். நாய்கள் இனாம்.

அவர்களுக்கும் வேறு வழியில்லை. பெர்த்தில் மகள் இருந்தாள், விசாவும் வந்துவிட்டது. ஆனால் வெறிநோய் உள்ள தேசத்து நாய்களை உள்ளே விடுவதில் ஆஸ்திரேலியாக்காரர்கள் படுகறார். இந்தியாவிலிருந்து நேராகப் போகிற நாய்க்கு அங்கே கதவே திறக்காது. மெயில் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றிருந்த அங்கிள் எங்கள் வாசலில் வந்து நின்று, "ஒரு ஓரமா கிடக்கட்டும் சார், ரொம்ப நாள் இருக்காது" என்றார். அப்பா தலையாட்டிவிட்டார். உள்ளேயிருந்து அப்பாயி, "எதுடா ரொம்ப நாள் இருக்காது?" என்று கேட்டாள். பதில் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

எண்பதுகளின் நடுவில், திருச்சி பொன்மலையில் நடந்தது இது. 1928-ல் தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவந்தபோது கூடவே வந்தவை நேர்கோட்டுத் தெருக்கள், தூங்குமூஞ்சி மரங்கள், வேளை தவறாமல் ஊதும் சங்கு, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், அவர்களுடைய நாய்கள். ரயில்வே வேலையில் அவர்களுக்கு இருந்த தனிச்சலுகையை அரசியல் சட்டத்தின் 336-வது பிரிவு பத்து வருடத்துக்குத்தான் காப்பாற்றியது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே. 1960-ல் அது தீர்ந்தது. அதன்பிறகு வீடு வீடாகக் கிளம்பிப் போனார்கள். நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்தபோது இரண்டோ மூன்றோ குடும்பங்கள்தான் மிச்சம்.

அந்த வீடுகளில் பெரும்பாலும் இந்த ஜாதி நாய்தான் இருந்தது. ஃபாக்ஸ் டெரியர். வழுவழுப்பான வெள்ளை உடம்பு, தலையில் கறுப்பும் பழுப்பும், முன்னால் மடிந்து விழும் காது, பாதியில் வெட்டிய வால். எடை எட்டுக் கிலோ இருந்தால் அதிகம். நரி வளைக்குள் இறங்கி நரியை வெளியே கிளப்புவதற்காக இங்கிலாந்தில் உருவாக்கிய வகை. துரைமார்களோடு கப்பலேறி இந்தியா முழுக்கப் பரவியது. கிப்ளிங் லாகூரில் வளர்த்ததும் ஒரு ஃபாக்ஸ் டெரியர்தான். அதன் பெயர் விக்ஸென். அதையே பாத்திரமாக வைத்து அவர் ஒரு கதையும் எழுதியிருக்கிறார். கோடை தாங்காமல் நாய்களோடு மலைக்குப் போகிற கதை. பல வருடம் கழித்து அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. மலைக்குப் போக முடிந்தவனுக்குக் கோடை ஒரு பிரச்சினையா? ரயில்வேக் குடும்பமான எங்களுக்குப் பாஸ் உண்டு, நாய்களுக்கு இல்லை. கார்டு வண்டியில் இருக்கிற நாய்ப்பெட்டிக்குத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். மே மாதத்தில் அந்த இரும்புப் பெட்டிக்குள் ஒரு கிழ நாயை அடைத்துக் குன்னூருக்குக் கொண்டுபோவதற்கு அது பொன்மலையிலேயே கிடக்கலாம்.

இசைத்தட்டின் நடுவில் குழாய் முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் ஹெச்.எம்.வி. நாயும் கிட்டத்தட்ட இந்த ரகம்தான். நிப்பர் என்று பெயர். அதுவும் கைமாறி வந்த நாய். முதல் எஜமானர் இறந்துபோனதும் அவருடைய சகோதரரான ஓவியர் பிரான்சிஸ் பாரோவிடம் வந்தது. 1895-ல் நிப்பர் செத்துப்போனபிறகுதான் அவர் அந்தப் படத்தை வரைந்தார். எங்கள் வீட்டில் அண்ணன் தட்டைப் போட்டுவிட்டு, வந்த இரண்டு நாய்களில் ஒன்றான பட்டன்ஸை இழுத்து ரேடியோ பெட்டி முன்னால் உட்காரவைப்பான். பட்டன்ஸுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. இரண்டு நிமிஷம் மரியாதைக்கு உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடும்.

பட்டன்ஸை அப்பாயி முதல் நாளே பட்டாணி ஆக்கிவிட்டாள். ஜிப்ஸி அதன் அக்கா, முந்தைய ஈற்று. அங்கிள் விட்டுப்போன நோட்டில் இரண்டின் பிறந்த தேதியும், எப்போது குளிப்பாட்ட வேண்டும், எந்தக் காதில் சீழ் வரும் என்பதும் பென்சிலில் எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில் மே மாதத்துக்கென்று தனியாக ஒரு குறிப்பு. பத்து மணிக்குமேல் வெளியே விடக்கூடாது; விட்டால் வேட்டைக்குப் போய்விடும், வெயில் உறைக்காது, கூப்பிட்டாலும் திரும்பாது. அப்பா இதை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுச் சிரித்தார். எதிரே ஜிப்ஸி தண்ணீர்க் கிண்ணத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் அதற்குப் பக்கத்துத் தரையை நக்கிக்கொண்டிருந்தது.

டெரியருக்குத் தான் கிழமாகிவிட்டது தெரியாது என்பது எங்களுக்குப் பிடிபட நாளாயிற்று. மற்ற நாய்கள் வயதானால் ஒதுங்கும், விட்டுக்கொடுக்கும். இவை அப்படியில்லை. தினமும் காலையில் பட்டாணி வெளிக்கதவு வரைக்கும் தள்ளாடிப் போகும். அங்கே தெருநாய் கருப்பன் படுத்திருக்கும், வாட்டசாட்டமான நாய், ஒரு காது கிழிந்தது. அந்தக் காதைக் கிழித்ததே பட்டாணிதான் என்று தெருவில் சொல்வார்கள். பட்டாணி கம்பிக்கு இந்தப்பக்கம் நின்று நெஞ்சை நிமிர்த்திக் குரைக்கும். குரல் வராது, காற்றுதான் வரும். கருப்பன் எழுந்து இரண்டடி பின்னால் போய் மறுபடி படுத்துக்கொள்ளும். ஜெயித்துவிட்டுப் பட்டாணி திரும்பி வரும். மத்தியானமானால் அதே கருப்பன் கம்பி இடுக்கில் நுழைந்து வந்து, குழாயடி ஈரத்தில் பட்டாணிக்கு ஒரு முழம் தள்ளிப் படுத்து உறங்கும். அதற்கு ஆட்சேபணை கிடையாது. காலைக் கச்சேரி வேறு, மத்தியான வெயில் வேறு.

சித்திரை 21 வாக்கில் கத்திரி பிறக்கும். திருச்சியில் அதற்கு முன்னாலேயே வெயில் சதம் அடித்துவிடும். கத்திரியில் 104, 105 டிகிரி என்று பேப்பரில் போட்டால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். நாயின் உடம்புச் சூடே 101, 102 டிகிரிதான். காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் நிழலில் படுத்தும் பிரயோசனமில்லை, சூடு உடம்பிலிருந்து காற்றுக்கு இறங்காது. நமக்காவது மேலெல்லாம் வியர்த்து ஆறும். நாய்க்கு உள்ளங்காலில் மட்டும் கொஞ்சம் கசியும். மற்றதையெல்லாம் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் ஆற்றிக்கொள்ள வேண்டும். இளசுகளுக்கு அது பெரிய காரியமில்லை. நெஞ்சில் பலமில்லாத கிழ நாய்க்கு இரைப்பதே ஒரு உழைப்பு. இரைக்க இரைக்க அந்த உழைப்பே சூட்டைக் கூட்டும்.

ஒரு நாள் பட்டாணி அப்படி இரைத்து நாக்கு ஊதா நிறமாகிவிட்டது. அப்பா சைக்கிள் கேரியரில் கூடையைக் கட்டி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே வரிசையில் நின்றதெல்லாம் எருமையும் ஆடும்தான். டாக்டர் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். இதயத்தின் வால்வு சரியாக மூடவில்லை, ரத்தம் பின்னால் ஒழுகுகிறது, சின்ன ஜாதி நாய்களுக்கு வயதானால் சகஜம் என்றார். "மாத்த முடியாதா டாக்டர்? ரேடியோ வால்வுன்னா பர்மா பஜார்ல கிடைக்கும்" என்றார் அப்பா. டாக்டர் சிரிக்காமல் சீட்டு எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். நீர் பிரிவதற்கு ஒரு மாத்திரை, காலையில் பாதி, சாயங்காலம் பாதி. தண்ணீரை மேலே கொட்டிவிட்டு விசிற வேண்டும், ஐஸ் வைக்காதே, ஈரச் சாக்கை மேலே போர்த்தாதே, அடியில் போடு என்று எல்லாம் சொல்லியனுப்பினார்.

வீட்டுக்கு வந்து சீட்டைப் பார்த்த அம்மா, "இது அத்தை சாப்பிடுற மாத்திரையில்ல?" என்றாள். அதேதான். அப்பாயிக்கும் கால் வீங்குவதற்கு அந்த மாத்திரையைத்தான் கொடுத்திருந்தார்கள். ஒரே ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருவருக்கும் மாத்திரை இருந்தது. கத்தியால் இரண்டாக வெட்டி, பட்டாணியின் பாதியைத் தயிர்சோற்றில் பொதித்துக் கொடுப்பது அம்மா வேலை. சோற்றைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் அலுங்காமல் வெளியே வைத்துவிடும். கருவாட்டுத் துணுக்கில் வைத்து அதை உள்ளே அனுப்ப வழி கண்டுபிடித்தது அப்பாயி. உப்பு ஆகாது என்று டாக்டர் சொன்னதை நாங்கள் ஞாபகப்படுத்தினோம். கருவாட்டைக் கழுவிவிட்டேன் என்றாள்.

நாயைத் தொடுகிறவளே இல்லை அவள். முசிறிப் பக்கத்து ஆள். அங்கே நாய்க்கு வாசலோடு சரி. வந்த புதிதில் அடுப்படி நிலைப்படியில் கோலமாவால் ஒரு கோடு போட்டு, இதைத் தாண்டினால் நான் ஊருக்குப் போய்விடுவேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவைத்தாள். அந்த மாத்திரைதான் எல்லாவற்றையும் கலைத்தது. நீர் பிரிகிற மாத்திரை தின்றவர்கள் ராத்திரியில் எழுந்திருக்காமல் முடியாது. அப்பாயி எழும் நேரத்துக்குப் பட்டாணியும் எழும். இருட்டில் கொல்லைக்குப் போக அவளுக்குப் பயம், கண்ணில் புரை வேறு. இருட்டில் படியிறங்க அதற்குத் தயக்கம். இரண்டு பேரும் சேர்ந்து போய்விட்டு வருவார்கள். திரும்பி வந்ததும் தூக்கம் வராது. கோடையில் நாங்களெல்லாம் கொல்லையில் கயிற்றுக் கட்டிலும் பாயும் போட்டுப் படுப்போம். அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வெற்றிலை இடிப்பாள். எதிரே பட்டாணி. அதற்குக் காது கேட்காது என்பது அவளுக்குச் சௌகரியமாகப் போயிற்று. மருமகளைப் பற்றி, முசிறியில் விற்றுத் தின்ற நிலத்தைப் பற்றி, தாத்தா இருந்த இருப்பைப் பற்றியெல்லாம் அடித்தொண்டையில் அதனிடம் பேசுவாள். அம்மா தூங்குவதுபோலப் படுத்துக்கொண்டு கேட்பாள்.

ஜிப்ஸி கதை வேறு. அதற்கு உடம்பு பரவாயில்லை, புத்திதான் கலங்கிவிட்டது. பகலெல்லாம் உறங்கும். இருட்டியதும் நடக்க ஆரம்பிக்கும். சுவரை ஒட்டியே நடந்து போய், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் தலையைக் கொடுத்துவிட்டு அப்படியே நின்றுவிடும். பின்னால் வரலாம் என்பது அதற்குத் தோன்றாது. மனிதர்களுக்கு வயதில் வருகிற மறதிநோய் மாதிரியே நாய்க்கும் மூளை தேய்வதுண்டு என்று இப்போது கால்நடை மருத்துவர்கள் விளக்கமாகச் சொல்கிறார்கள், மருந்தும் தருகிறார்கள். அன்றைக்கு மாட்டாஸ்பத்திரி டாக்டர் "வயசாயிருச்சு" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அப்பாயி கைத்தடியால் அதன் விலாவை மெல்ல நெம்பித் திருப்பிவிடுவாள். "இந்தப்பக்கம்டி. இந்தப்பக்கம்." அது திரும்பி, கொல்லையைச் சுற்றி வந்து, மறுபடி அடுத்த மூலையில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை திருப்பினாளோ, எண்ணியவர் இல்லை.

அந்த வருஷம் பெருச்சாளித் தொல்லை அதிகம். கொல்லையில் அப்பாயி பஞ்சாரத்தில் கோழி வளர்த்தாள். பொரித்த குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பஞ்சாரத்துக்கு அடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டு வரும். பெருச்சாளி என்றால் சாதாரண எலியல்ல, வாலோடு சேர்த்தால் இரண்டு அடி வரும், கோபம் வந்தால் பன்றிக்குட்டியாக உறுமும். பொறி வைத்தார்கள். பொறியையே நகர்த்திவிட்டுப் போனது.

ஒரு ராத்திரி கரண்டும் இல்லை. காவிரியில் தண்ணீர் வற்றி மணல் மட்டும் கிடக்கும் காலம். மேட்டூர் திறக்கிற ஜூன் 12-க்கு இன்னும் நாளிருந்தது. காற்று அசையவில்லை. திடீரென்று மண் வாரியிறைக்கிற சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் பஞ்சாரத்துக்குப் பின்னால் பட்டாணியின் பின்பாதி மட்டும் தெரிகிறது. முன்பாதி பூமிக்குள். இரண்டு முன்னங்காலும் மண்ணை வாரி வயிற்றுக்கடியில் தள்ள, பின்னங்கால் அதை உதைத்து வெளியே எறிந்தது. சாம்பல் குழிக்குப் பக்கத்து மண், இளகல். அண்ணனின் பாய்மேல் மழையாக விழுந்தது. காது கேட்காத நாய்க்கு அந்தப் பெருச்சாளி இருப்பது எப்படித் தெரிந்தது என்று கேட்டால், மூக்கு இருக்கிறது, அது போதும். அது கிழடு தட்டவில்லை.

"புடிங்கடா, செத்துக்கித்துப் போயிரப்போவுது" என்று அம்மா அலறினாள். உண்மையில் பயம்தான். இதயம் அந்த நிலையில் இருக்கிற நாய் அந்தப் புழுக்கத்தில் தோண்டுகிறது. கூப்பிடலாம் என்றால் காது கேட்காது. அதற்குள் தோள் வரைக்கும் வளைக்குள் போய்விட்டது, அங்கேயே மாட்டிக்கொண்டது. பின்னங்கால்கள் காற்றில் துழாவின. அப்பா இடுப்பைப் பிடிக்க யோசித்து நின்றார். அப்பாயி குனிந்து அந்த வெட்டுவாலைக் கொத்தாகப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். இந்த ஜாதிக்கு வாலை வெட்டும்போது ஒரு கைப்பிடி அளவு விடுவார்களாம், வளையில் சிக்கினால் பிடித்து இழுப்பதற்கு. அந்தப் பழைய வழக்கம் அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கைக்கு அதுதான் கிடைத்தது.

பட்டாணி வெளியே வந்ததும் பெருச்சாளி இன்னொரு துவாரம் வழியாகக் கிளம்பியது. வளைக்கு மறுவாசல் கொல்லை மூலைச் சாக்கடைப் பக்கம் இருந்திருக்கிறது. அந்த மூலையில்தான், வழக்கம்போல, ஜிப்ஸி சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றிருந்தது. கறுப்பாக ஏதோ அதன் காலுக்கிடையில் பாய்ந்தது. ஜிப்ஸியின் தலை கீழே போனது, மேலே வந்தது, இடமும் வலமுமாக ஒரு உதறு. அவ்வளவுதான். பெருச்சாளியைக் கீழே போட்டுவிட்டு அது மறுபடி சுவரைப் பார்த்து நின்றுகொண்டது.

ஒரு டெரியர் தோண்ட, இன்னொன்று மறுவாசலில் காத்திருப்பதுதான் அவற்றின் பரம்பரைத் தொழில்முறை என்பார் பிட்டர் தாத்தா. பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், தினமும் பேப்பர் படிக்க எங்கள் வீட்டுக்கு வருவார், எதிர்வீட்டு அங்கிளோடு ஒரு காலத்தில் ஆற்றோரம் முயல் வேட்டைக்குப் போனவர். ஜிப்ஸி திட்டம்போட்டுத்தான் நின்றது என்று சத்தியம் செய்வார். நான் நம்பவில்லை. அது எல்லா ராத்திரியும் எல்லா மூலையிலும்தான் நின்றது. ஆனால் காலுக்கிடையில் ஓடியதை என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் அதன் மூளையில் எந்தத் தேய்மானமும் தொடவில்லை என்பதை என் கண்ணால் பார்த்தேன். தண்ணீர்க் கிண்ணம் இருக்கும் இடம் மறந்துபோன நாய்.

பட்டாணி மறுநாள் முழுக்க எழுந்திருக்கவில்லை. அப்பாயி பக்கத்திலேயே உட்கார்ந்து பனைமட்டை விசிறியால் விசிறினாள், குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் கவட்டையிலும் ஊற்றினாள். சாயங்காலம் அது எழுந்து, தோண்டிய இடத்துக்குப் போய் மோந்து பார்த்தது. வேலையைச் செய்தது நீ, பெயர் வாங்கியது உன் அக்கா என்று அப்பாயி அதைத் தேற்றினாள். அடுப்படிக் கோலமாவுக் கோட்டை அதற்கப்புறம் யாரும் புதுப்பிக்கவில்லை. இரண்டுக்கும் காலையில் ஆளுக்கொரு முட்டை உண்டு. எங்களுக்குக் கிடையாது. வேலை செய்கிறவர்களுக்குத்தான் முட்டை என்பது அவள் சட்டம்.

அப்பாயியைக் கூட்டிப்போய்க் கண்முகாமில் புரை எடுத்ததும் அந்தக் கோடையில்தான். கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கியவள், ஜிப்ஸியின் முகத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, "இவளுக்கும் எடுத்துவிடலாமே" என்றாள். அது புரையல்ல, வயதில் வருகிற நீலம்தான், பார்வையைப் பெரிதாகக் கெடுக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. தனக்கும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள் என்றாள்.

ஜிப்ஸி ஐப்பசி மழையில் போயிற்று, தூக்கத்திலேயே. பட்டாணி அடுத்த கத்திரிக்கு முன்னால். ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு ஆணி அடிப்பதற்கும் ஐ.ஓ.டபிள்யூ. ஆபீசில் கேட்க வேண்டும். கொல்லை முருங்கைக்குக் கீழே இரண்டு குழி வெட்டியதை அப்பா யாரிடமும் கேட்கவில்லை. பெர்த்துக்கு ஏரோகிராமில் கடிதம் எழுதினார். பெருச்சாளி விஷயத்தை விவரமாக எழுதிவிட்டுச் செத்ததை ஒரே வரியில் முடித்திருந்தார். பதிலில் ஆன்ட்டி, ஜிப்ஸி முன்பும் மூலையில்தான் நிற்கும், அதுதான் அதன் இடம் என்று எழுதியிருந்தாள். பிட்டர் தாத்தா அந்தக் கடிதத்தை ஒரு மாதம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவில் எல்லோருக்கும் காட்டினார்.

பெருச்சாளி திரும்ப வந்தது. அப்பாயி, அதே ஜாதியில் ஒன்று வாங்கி வா என்று அப்பாவை நச்சரித்தாள். ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தையில் ஒருவர் கூடையில் வெள்ளைக் குட்டி ஒன்று வைத்திருந்தார். அசல் இங்கிலீஷ் ஜாதி என்றார். வாலை வெட்டியிருந்தார், அதுதான் அத்தாட்சி. ஆறு மாதத்தில் அது என் இடுப்புக்கு வளர்ந்தது, காது நிமிர்ந்தது, முகத்தில் கருப்பனின் சாடை யாருக்கும் சந்தேகம் வராதபடி தெரிந்தது. பெருச்சாளி உறுமினால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். "வால வெட்டிட்டா வேலைக்காரன் ஆயிருவானா?" என்று அப்பாயி அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அதைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போய் அந்த ஆளோடு சண்டை போட்டாள். காசு திரும்ப வராது என்று அவர் சாதித்தார். கடைசியில் சமாதானத்துக்கு இரண்டு கோழிக்குஞ்சு கொடுத்து, நாயை விட்டுப் போகச் சொன்னார். குஞ்சுகளை வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். நாயைக் கொடுக்கவில்லை.